சிம்லாவுக்கு ஒரு கோவளத்துக் கோட்டு

இந்த வாரம் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றது, பால் திரிந்துபோனது, ரேஷன் கடையில் என் முறை வரும்போது சர்க்கரை தீர்ந்துபோனது... இப்படியே வாராவாரம் எழுதி உங்களிடம் அனுதாபம் வாங்கிக்கொண்டிருந்தவள் நான். இந்த முறை அனுதாபம் வேண்டாம். ஜெயித்துவிட்டேன்!

எங்கே? கோவளத்தில். எதை? ஒரு கம்பளிக் கோட்டை.

சிரிக்காதீர்கள். மார்கழியிலேயே மத்தியான வேளையில் விசிறியைத் தேடுகிற கடற்கரையில் கம்பளிக் கோட்டுக்கு என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? வருகிறேன், வருகிறேன்.

எங்கள் பெண் கலாவுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, ஸ்டாம்பு ஒட்டி, தாலுகா ஆபீஸுக்குப் போகிற வழியில் தன் கையாலேயே தபால் பெட்டியில் போட்டவர் என் வீட்டுக்காரர். மெட்ராஸில்தான் போடுவார்கள், காலை ரயிலில் போய்ச் சாயந்திர ரயிலில் செங்கல்பட்டு திரும்பிவிடுவாள் என்பது அவர் நினைப்பு. ஆனால் வந்த உத்தரவோ... சிம்லா!

மனிதர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படி வரும்? வேலை கிடைத்ததென்று ஆபீஸ் முழுக்கச் சாக்லேட் கொடுத்தாகிவிட்டதே! அதனால் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நல்ல கம்பளிக் கோட்டு ஒண்ணு இல்லாம என் பொண்ண நான் ரயிலேத்த மாட்டேன். அவ்ளோதான்."

நியாயமான பேச்சு. யார் மறுக்க முடியும்? பனி கொட்டுகிற ஊருக்கு மெல்லிய வாயில் புடவையோடு பெண்ணை அனுப்பச் சொல்வேனா? ஆனால் செங்கல்பட்டில் கம்பளிக் கோட்டுக்கு எங்கே போவது? எங்கள் தெரு டெய்லரிடம் கேட்டேன். "கல்யாணக் கோட்டுன்னா தச்சுடலாம்மா. இது இன்னா, கரடி போட்டுக்கறதா?" என்றார்.

சரியென்று மூவருமாக மெட்ராஸுக்குப் போனோம். மவுண்ட் ரோடில் ஒரு பெரிய கடை. கண்ணாடி பீரோவிலிருந்து ஒரு கோட்டை எடுத்துப் போட்டார்கள். அருமையான கோட்டு. கடைக்காரர் விலையைச் சொன்னார். அந்த நிமிஷம் என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதிர்ச்சியா? கவலையா? ஊஹூம்... நிம்மதி!

"பாத்தியாம்மா, நம்மால ஆவுற காரியமா இது?" என்று கலாவிடம் சொன்னார். அந்தக் குரலில் வருத்தம் கொஞ்சம், சந்தோஷம் ஜாஸ்தி.

கலா ஊர் திரும்பும் வரை ரயில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். பொங்கல் கழிந்ததும் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்குப் போய்விடும். படிக்கிற காலத்திலிருந்து அந்தப் பெண் தனக்கென்று கேட்ட ஒரே விஷயம் இதுதான். எனக்கு அவர் மேல் கோபம். அதைவிட ஆச்சரியம் என்னவென்றால், அவர் மேல் பரிதாபமாகவும் இருந்தது. பெண்ணைப் பிரிய மனசில்லை என்று நேராகச் சொல்லத் தெரியாமல் கோட்டின் பின்னால் ஒளிந்துகொள்கிற மனிதரை என்ன செய்வது?

அன்று ராத்திரி அரிசி களையும்போதுதான் பளிச்சென்று தோன்றியது. அட, நம்ம பாய் கடை!

கோவளத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து தர்காவுக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் கடை. போர்டு கிடையாது. ஓட்டுக் கூரை, வாசலில் ஒரு பெஞ்சு, உள்ளே மலை மலையாகப் பழைய சாமான்கள். இஸ்மாயில் பாய் என்று கேட்டால் மீன் கூடைக்காரம்மாவும் வழி சொல்லுவாள், சர்ச்சுக்குப் போகிறவரும் வழி சொல்லுவார்.

பாய்க்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மகாபலிபுரத்திலிருந்து. சிற்பம் பார்க்கவென்று வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருகிறார்களே — ஹிப்பி என்று நாம் மூக்கைச் சுளிக்கிறோமே — அவர்கள் தங்கள் ஊரிலிருந்து பஸ்ஸிலும் லாரியிலுமாகத் துருக்கி, காபூல் என்று பனி மலையெல்லாம் தாண்டி வருகிறார்கள். வரும்போது முதுகில் ஒரு வீட்டையே கட்டிக்கொண்டு வருகிறார்கள். மகாபலிபுரம் வெயிலில் ஒரு மத்தியானம் நின்றால் போதும். ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்துவிடும். பூட்ஸ், கோட்டு, கம்பளிப் போர்வை, ஃபிளாஸ்க்... கடைசியில் ஒரு லுங்கியும் பாசிமணியும்தான் மிச்சம். அத்தனையும் பாய் வாங்கி மூட்டை கட்டி வைப்பார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்துதான் மூட்டையைப் பிரிப்பார்.

அந்த மூட்டை பிரிக்கிற நேரம் இருக்கிறதே... ஆஹா! தீபாவளிப் பலகாரக் கடையில்கூட அவ்வளவு ஆவல் பார்த்ததில்லை. ஆனால் ஒருத்தர் முகத்திலும் அது தெரியாது. எல்லோரும் ஏதோ மழைக்கு ஒதுங்கியவர்கள் போல நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியின் மனைவி தர்காவுக்கு வேண்டுதல் என்று சொல்லிக்கொண்டு வருவார். அந்த வேண்டுதல் வாராவாரம் எப்படி வருகிறது என்று நானும் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி ஒருவர் இங்கேதான் ஜிப் வைத்த தூங்கும் பை வாங்கினார். இப்போது வயலுக்குக் காவல் போனால் மூக்கு மட்டும் வெளியே தெரிய அதற்குள் படுத்துக்கொள்கிறாராம். கொசு அவரைப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பிப் போகிறது என்றார்.

புதுச் சாமான் கடையில் காசு இருந்தால் போதும். பழைய சாமான் கடையில்? கண் வேண்டும், மூக்கு வேண்டும், பொறுமை வேண்டும். கொஞ்சம் நடிக்கவும் தெரிய வேண்டும். துணியை வெளிப்பக்கம் பார்க்கிறவர் கற்றுக்குட்டி. உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறவர்தான் வாடிக்கை. அக்குளில் நூல் விட்டிருக்கிறதா, காலர் மடிப்பில் தேய்ந்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா... ஒரு பார்வையில் தெரிந்துவிடும். எங்கேயோ யாரோ ஆசையாக வாங்கிய பொருள், எத்தனையோ தேசம் தாண்டி, ஒரு வெள்ளிக்கிழமை என் கைக்கு வருகிறது என்றால் அதில் ஒரு குஷி இல்லையா? எனக்கு உண்டு. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்தக் கடை பிடிக்காது. காரணம் ஒரு சட்டை. நீலத்தில் மெல்லிய கோடு போட்ட சட்டை, கை வைத்தால் வழுக்கும். பாய் கடையில் பார்த்தவுடன் அவருக்காக வாங்கி வந்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவரே சொக்கிப் போனார். ஒரே ஒரு கஷ்டம், காலையில் பொத்தான் மாட்டத் திணறுவார். "இன்னாமோ கை வரலியே" என்பார். கடைசியில் ஆபீஸில் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். ஆண்கள் சட்டையில் பொத்தான் வலது பக்கம் இருக்கும், சீமையில் பெண்கள் சட்டைக்கு இடது பக்கம் வைப்பார்கள், இது பெண்கள் சட்டை என்று! ஆபீஸே சிரித்ததாம். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, "இனிமே அந்தக் கடை வாசப்படி மிதிச்சே, பாத்துக்க" என்றார். நான் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது வேறு விஷயம்.

ஆகவே அந்த வெள்ளிக்கிழமை, பொங்கலுக்கு முன்னால் வருகிற கடைசி வெள்ளிக்கிழமை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். திருப்போரூர் பஸ், பிறகு கேளம்பாக்கம், அங்கிருந்து இன்னொரு பஸ். கோட்டு கிடைத்தால் கலா போவாள். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான், அடுத்த மூட்டை பிரிப்பதற்குள் நாள் தாண்டிவிடும். வழியெல்லாம் முருகா முருகா என்று வந்தேன்.

"வாங்க செங்கல்பட்டம்மா! குந்துங்க. இன்னிக்கு நல்ல சரக்கு வந்துகீது" என்றார் பாய்.

மூட்டை பிரிந்தது. பூட்ஸ் விழுந்தது. ஒரு கித்தார் விழுந்தது. கிழிந்த ஜீன்ஸ் விழுந்தது. அப்புறம்... தொம் என்று ஒன்று விழுந்தது. பழுப்பு நிறம். கனமான கம்பளி. முழங்காலுக்குக் கீழே வரும் நீளம், கழுத்து வரை காலர். சிம்லாவென்ன, இமயமலை உச்சிக்கே போகலாம்!

உடனே பாய்ந்து பிடித்தேனா? அங்கேதான் என் சாமர்த்தியம் எனக்கே வினையாயிற்று.

பழைய சாமான் கடையில் ஊறியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேண்டிய பொருளைப் பார்க்கவே மாட்டோம். பார்த்தால் விலை ஏறிவிடும். வேறு எதையாவது கையில் எடுத்து அதற்கு மூச்சு முட்டப் பேரம் பேசி, கடைசியில் போகிற போக்கில் "சரி, அந்தத் துணியும் சும்மா கிடக்குதே, சேத்துப் போடுங்க" என்போம். பாய்க்கும் இது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி விட்டுக்கொடுப்பது அவர் மரியாதை.

நானும் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கினேன். மூடி ஆடுகிறது என்றேன். பாய் ஆடவில்லை என்றார். உள்ளே கண்ணாடி மங்கல் என்றேன். பாய் அது நிழல் என்றார். பேரம் சுவாரசியமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பாய், இந்தக் கோட்டு இன்னா வெல?"

திரும்பினேன். முப்பது வயசிருக்கும் ஓர் ஆள், பெல்பாட்டம், பெரிய கிருதா. என் கோட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்! பாய் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். பொருள் மேல் முதலில் கை வைத்தவருக்குத்தான் அது. அவராகக் கையை எடுக்கிற வரைக்கும் வேறு யாரும் தொடக்கூடாது, விலையும் கேட்கக்கூடாது. கையை எடுத்தால் உரிமை போயிற்று. கலெக்டரே வந்தாலும் இதுதான்.

ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைத் தொலைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

"தம்பி... அது எனக்கு வேணும்ப்பா" என்றேன். நடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, கெஞ்சலாகத்தான் வந்தது.

"அட, நீங்க ஃபிளாஸ்க்குதானேம்மா பாத்துகினு இருந்தீங்க?"

பாய் தலையைச் சொறிந்துகொண்டார். அந்தத் தம்பியின் பெயர் தனசேகர். திருக்கழுக்குன்றத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். உங்களுக்குத் தெரியாததா? ஸ்டூடியோ என்றால் ஒரு கோட்டு, ஒரு டை, ஒரு கைக்கடிகாரம் மாட்டியிருக்கும். யார் வந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நிற்பார்கள். தனசேகரின் கோட்டு ஆயிரம் பேர் போட்டு முழங்கையில் கிழிந்துவிட்டதாம்.

"தை பொறந்தா கல்யாணம்மா. மாப்ளைங்கல்லாம் கோட்டு கேட்டு வந்துகினே இருப்பாங்க. கிழிசல் தெரியக்கூடாதுன்னு எல்லாரையும் பூந்தொட்டி பக்கத்துல நிக்கவெச்சு எடுத்துகினு கீறேன். எத்தினி நாளைக்கு இப்பிடியே ஓட்டறது? பேஜாரா கீதும்மா."

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிழைப்பு. ஆனால் எனக்கு என் பெண்! கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தது கண் முன்னால் வந்தது. சொல்லிப் பார்த்தேன். வேலை, சிம்லா, அவளுடைய நைனா போட்ட நிபந்தனை, எல்லாம். தனசேகர் கேட்டுக்கொண்டார். முகம் இளகியது. கை மட்டும் இளகவில்லை.

"கஷ்டமாத்தான் கீதும்மா. ஆனா நான் இன்னா பண்றது? இத்த வுட்டா எனக்கு வேற கெடைக்காதே" என்றவர், கோட்டைத் தூக்கித் தன் மேல் வைத்து அளவு பார்த்தார்.

அப்போதுதான் பார்த்தேன். கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வரிசையாக ஐந்து பெரிய பொத்தான்கள். எந்தப் பக்கம்? இடது பக்கம்!

என் வீட்டுக்காரரின் அந்த நீலக் கோடு போட்ட சட்டை வாழ்க! அன்று ஆபீஸே சிரித்த சிரிப்பு வாழ்க!

"தம்பி, மாப்பிள்ளைக்கா இது?"

"ஆமாம்மா."

"தாராளமா வாங்கிக்கோ. ஆனா உன் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கு, பாரு."

குனிந்து பார்த்தார். "வலது பக்கம்."

"இந்தக் கோட்டுல?"

பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார். மறுபடி கோட்டைப் பார்த்தார்.

"அது பொம்பளைங்க கோட்டுப்பா. சீமையில அப்படித்தான் தைப்பாங்க. உங்க ஊர் மாப்பிள்ளைங்க எல்லாரும் பொம்பளைக் கோட்டு போட்டுக்கிட்டுக் கல்யாண போட்டோவுல நிக்கப் போறாங்க. படம் மாமியார் வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கும். ஒரு நாள், விஷயம் தெரிஞ்ச ஒரு டெய்லர் அந்த வீட்டுக்கு வருவாரு..."

அவ்வளவுதான். தணலைத் தொட்டவர் போல "ஐயோ!" என்று இரண்டு கையையும் உதறினார் தனசேகர். கோட்டு பொத்தென்று குவியல் மேல் விழுந்தது. நான் சும்மா இருப்பேனா? ஃபிளாஸ்க்கைப் பாய் மடியில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த வயசில், இந்த உடம்போடு, அப்படி ஒரு பாய்ச்சல் பாய்வேன் என்று எனக்கே தெரியாது.

ஆனால் போட்டோக்காரர் மூளை லேசுப்பட்டதா? ஒரு நிமிஷம் நின்று யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அட! நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் போட்டா இடது பக்கம் வலது பக்கமா ஆயிடுமே! பொத்தான் சரியா பூடும்! குடும்மா அத்த!"

பாய் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணாத்த, கைய எடுத்துட்டியே! இப்ப செங்கல்பட்டம்மா கை கீது. கடைச் சட்டம் தெரியுமில்ல?"

"திருப்பிப் போட்டாப் பொத்தான் சரியாயிடும் தம்பி" என்றேன் நான், பிடியை விடாமல். "பக்கத்துல நிக்கற பொண்ணோட முந்தானை வலது தோளுக்குப் போயிடுமே? திருக்கழுக்குன்றத்துப் பொண்ணுங்க எல்லாம் வடக்கத்திச் சேட்டம்மா ஆயிடுவாங்களே, பரவாயில்லையா?"

தனசேகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். தர்கா வேண்டுதல்கார அம்மாள்கூட முக்காட்டை விலக்கிச் சிரித்தார்.

ஜெயித்தவளுக்கு மனசும் பெரிதாக இருக்க வேண்டுமல்லவா? தனசேகரை வெறுங்கையோடு அனுப்ப எனக்குப் பிடிக்கவில்லை. கோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே — கீழே வைப்பேனா? — குவியலைக் கிளற ஆரம்பித்தேன். அடியில், ஒரு கூடாரத் துணிக்குள் சுருண்டு கிடந்தது கருநீலத்தில் ஓர் ஆண்கள் கோட்டு. மெல்லிசு. பொத்தான் வலது பக்கம். ஒரு பொத்தான் இல்லை, அவ்வளவுதான்.

"எம்மா, தெய்வம்மா நீங்க!" என்றார் அவர். இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் விலை கேட்டார். பாடம் கற்றுக்கொண்டார் போலிருக்கிறது.

பாய் என்னிடம் அதிகம் பேரம் பேசவில்லை. "பொண்ணு வேலைக்குப் போவுது. நல்லாருக்கட்டும்மா. துஆ பண்றேன்" என்று ஒரு நியாயமான விலையைச் சொன்னார். நானும் வாயைத் திறக்காமல் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். ஃபிளாஸ்க்கை மட்டும் விடவில்லை, கொசுறாகக் கேட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் நிஜமான சண்டை ஆரம்பித்தது.

"அந்தக் கடையிலயா? எவளோ போட்டது! என் பொண்ணு போடறதா?"

"எவளோ ஒரு நல்ல பொண்ணு போட்டது. பனி மலையெல்லாம் தாண்டி வந்திருக்கா. இதைப் போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கா. செத்தா போயிட்டா?"

"நாறுது."

"வெயில்ல போட்டாப் போயிடும்."

"பெருசா கீது."

"குட்டையாக்கறேன்."

மொட்டைமாடியில் வெயில் காட்டினேன். பிரஷ் போட்டேன். சாம்பிராணி பிடித்தேன். உள்துணி கிழிந்த இடத்தில் ரவிக்கைத் துணி வைத்துத் தைத்தேன். கையை மடித்து அளவு செய்தேன். அவர் ஒவ்வொரு நாளும் ஆபீஸிலிருந்து வந்து, கொடியில் தொங்குகிற கோட்டை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போவார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆமாம், கடையில் அத்தனை வீரம் காட்டியவளுக்கு வீட்டில் பயம்தான்.

பொங்கல் அன்று மத்தியானம், சாப்பாடு முடிந்த பிறகு, கலா அதைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். புதுப் புடவைக்கு மேலே பழுப்புக் கோட்டு. வெளியே வெயில் கொளுத்துகிறது. நெற்றியில் வேர்வை ஆறாக ஓடுகிறது. கழற்றுகிறாளா? மாட்டாள். நிமிர்ந்து, அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எப்டி கீது நைனா?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். மேலும் கீழும் பார்த்தார். எழுந்து போய், அவள் காலரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"மேல்பொத்தானைப் போட்டுக்கம்மா. கழுத்து வழியாத்தான் குளிரு பூரும்" என்றார்.

அவரே போட்டும் விட்டார். கலா அவர் தோளில் சாய்ந்து அழுதாள். நான் சமையலறைக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில் நின்று, ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டில்லி ரயில் ஏற்றிவிட மெட்ராஸ் சென்ட்ரலுக்குப் போனோம். கலாவின் பெட்டியிலேயே டில்லிக்குப் போகிற ஒரு தமிழ்க் குடும்பம். அந்த அம்மாள் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப நன்னா இருக்கே, எங்கே வாங்கினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஃபாரின்ங்க. ஒரிஜினல். கோவளத்துல நமக்கு ரொம்ப வேண்டிய பாய் ஒருத்தர் கீறாரு. அவர் மூலமா வரவழைச்சது."

ரொம்ப வேண்டிய பாய்! இவர் அந்த மனிதரை நேரில் பார்த்ததே இல்லை. பழைய துணி என்றால் முகம் சுளிக்கிற நம் ஜனங்களுக்கு ஃபாரின் என்று ஒரு வார்த்தை சேர்ந்தால் போதும், அதே துணி பட்டாகிவிடுகிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே!

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் கலாவின் கை ஆடியது. அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இந்தக் கோட்டுக்காக எத்தனை பஸ் ஏறினேன், எப்படிப் பாய்ந்தேன், என்னவெல்லாம் வாதாடினேன்... எல்லாம் என் பெண்ணை என்னைவிட்டு அத்தனை தூரம் அனுப்பத்தானா? அழுகையை அடக்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். அழுதுகொண்டேயும் பெருமையாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

செங்கல்பட்டு திரும்புகிற ரயிலில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கூடுவாஞ்சேரி தாண்டிய பிறகு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"இந்தா... சித்திரையில லீவு போட்டு ஒரு எட்டு போயி பாத்துட்டு வரலாமா பொண்ண?"

"போலாமே" என்றேன்.

"அப்பவும் அங்க குளிராத்தான் இருக்குமாம். ஆபீஸ்ல விசாரிச்சேன்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "அந்த பாய் கடைக்கு என்னியும் இட்டுனு போ. நமக்கும் ரெண்டு கோட்டு வாணாவா?"

கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் பேரம் முடிகிற வரைக்கும் மனிதர் வாயைத் திறக்கக் கூடாது!